சனிக்கிழமை நடை: சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவு

வணக்கம். காலை 7 மணிக்குச் சாங்கி முனைப் படகுத்துறையில் கூடுவோம். 12 பேர் சேர்ந்தால் படகு புறப்படும்; கட்டணத்துக்கு ரொக்கம் வைத்திருங்கள்.

பழைய மீனவர் கிராமத்தைத் தாண்டி, செக் ஜாவா என்ற கடற்கரைச் சதுப்பு நிலம் வரை முக்கால் மணி நேர நடை. கடல்நீர் வற்றும்போதுதான் அங்கே அழகு. போன தடவை பலகைப் பாதையில் குனிந்து பார்த்தேன்: ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு, வா வா என்று கூப்பிடுவதுபோல் அதை ஆட்டிக்கொண்டே இருந்தது. 2001-ல் இந்தக் கரையை மண்கொட்டி மூட இருந்தார்கள். பலரும் எழுதிக் கேட்டதால் திட்டம் தள்ளிப்போனது. பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள், இதை அவர்கள் பார்க்க வேண்டும்.

அப்புறம், குரங்கும் காட்டுப்பன்றியும் உண்டு. தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட வேண்டாம்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் போடுங்கள்.