ஆஸ்டெகாவில் 1971-இல் நடந்ததையும் சேருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மெக்சிகோ சிட்டியின் ஆஸ்டெகா கால்பந்து மைதானம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். 1966-இல் திறக்கப்பட்டது, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் வெளியூர் அணிகள் மூச்சு வாங்குவது, 1970 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசில் 4-1 என்று இத்தாலியை வீழ்த்தியது, 1986-இல் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினாவின் மரடோனா அடித்த இரண்டு கோல்கள் என்று எல்லாம் இருந்தன. 2026 தொடக்க ஆட்டமும் அங்கேதான் என்பதால், ஆண்கள் உலகக் கோப்பையை மூன்று முறை நடத்தும் முதல் மைதானம் என்ற பெருமையையும் குறிப்பிட்டிருந்தீர்கள்.

ஆனால் கட்டுரையாளர் 1970-இலிருந்து நேராக 1986-க்குப் போய்விட்டார். 1971 செப்டம்பர் 5 அன்று இதே மைதானத்தில் பெண்கள் உலகப் போட்டி ஒன்றின் இறுதி ஆட்டம் நடந்தது. டென்மார்க்கும் மெக்சிகோவும் ஆடின. பார்க்க வந்தவர்கள் சுமார் 1,10,000 பேர். டென்மார்க் 3-0 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் சுசானே அவுகுஸ்டெசன். அப்போது அவருக்கு வயது 15!

2022-இல் பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு 91,648 பேர் வந்தபோது, உலக சாதனை என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. 1971-இல் வந்த கூட்டத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் போட்டியை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நடத்தவில்லை, அங்கீகரிக்கவும் இல்லை என்பதுதான் காரணம்.

அங்கீகரிக்காததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. போட்டிக்கு இடம் கொடுக்கும் கிளப்புகளுக்கு அபராதம் விழும் என்று மெக்சிகோ கால்பந்துக் கூட்டமைப்பு எச்சரித்தது. ஆனால் தலைநகரின் ஆஸ்டெகாவும் குவாதலஹாராவின் ஹலிஸ்கோவும் தனியார் கையில் இருந்ததால் அந்த எச்சரிக்கை அங்கே செல்லுபடியாகவில்லை. சின்ன மைதானங்களின் கதவை அடைத்ததால், நாட்டின் மிகப் பெரிய இரண்டு மைதானங்களில் பெண்கள் ஆடினார்கள். ஆட்டங்களைத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். விளம்பரதாரர் ஒரு மது நிறுவனம். கோல் கம்பங்களுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தார்கள். பெண்கள் ஆட்டம் என்றாலே இப்படிப் பொம்மை வேலை செய்வது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கதவைத் திறந்துவிட்டார்கள், கூட்டம் தானாக வந்தது. மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, டென்மார்க், பிரான்ஸ், இத்தாலி என்று ஆறு அணிகள். மெக்சிகோ ஆட்டக்காரிகளுக்குச் சம்பளம் கிடையாது. அரங்கம் நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டு, இறுதி ஆட்டத்துக்கு முன் அவர்கள் தங்கள் பங்கைக் கேட்டார்கள். பேராசை என்று அவர்களைப் பழித்தார்கள். கடைசியில் பணம் வாங்காமலேயே ஆடினார்கள். அவர்கள் கேட்டது முழுக்க நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்து அணியின் கதை இன்னும் வேதனை. அந்த நாட்டின் கால்பந்துச் சங்கம் 1921-இலேயே தன் உறுப்பினர்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டு, ஐம்பது வருடம் கழித்துத்தான் விலக்கிக்கொண்டது. அதற்கு முந்தைய வருடம், 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூலின் கூடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டம் ஒன்றுக்கு 53,000 பேர் வந்திருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால் தடையின் காரணம் விளங்கும். 1971-இல் லூட்டன் நகரத்து ஹாரி பேட் என்ற பயிற்சியாளர், பள்ளியில் படிக்கும் சிறுமிகளையும் சேர்த்து ஓர் அணியைத் திரட்டி மெக்சிகோவுக்குக் கூட்டிப் போனார். அதில் லியா கேலெப்புக்கு 13 வயதுதான். ஊரில் பூங்காவில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஆஸ்டெகாவில் ஒரு லட்சத்தை எட்டும் கூட்டத்தின் முன்னால் ஆடக் கிடைத்தது. ஊர் திரும்பியதும் பாராட்டா கிடைத்தது? பெண்கள் கால்பந்துச் சங்கமே அவர்களைச் சில மாதங்கள் ஆட விடாமல் தடை செய்தது. பயிற்சியாளர் ஹாரி பேட்டை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் இதைப் பற்றி அவர்கள் வெளியே பேசவே இல்லை.

அர்ஜென்டினா பரவாயில்லை. 1971 ஆகஸ்ட் 21 அன்று ஆஸ்டெகாவில் அவர்கள் இங்கிலாந்தை 4-1 என்று வென்றார்கள். நான்கு கோல்களும் எல்பா செல்வா அடித்தவை. அந்தத் தேதியைத்தான் அர்ஜென்டினாவில் இப்போது கால்பந்து வீராங்கனைகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். மரடோனா இதே இங்கிலாந்தை இதே புல்தரையில் தோற்கடித்தது அதற்குப் பதினைந்து வருடம் கழித்து!

அது ஃபிஃபா போட்டி இல்லையே என்று கட்டுரையாளர் சொல்லலாம். சரி, இல்லைதான். ஃபிஃபாவின் முதல் பெண்கள் உலகக் கோப்பை 1991-இல் சீனாவில் நடந்தது. ஆனால் நீங்கள் எழுதியது ஃபிஃபாவின் வரலாறு அல்ல, ஒரு மைதானத்தின் வரலாறு. அங்கே ஒரு லட்சம் பேருக்கு மேல் திரண்டு பார்த்த இறுதி ஆட்டம் அந்த வரலாற்றில் இல்லாமல் போகலாமா?

நான் பள்ளி மாணவிகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். மாலையில் ஒரு மணி நேரம் மைதானம் கேட்டுப் போகும்போதெல்லாம் வரும் பதில், "பொண்ணுங்க ஆடினா யார் சார் பார்க்க வருவாங்க?" என்பதுதான். மைதானமே தராமல் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கொடுத்துப் பார்த்த ஓரிடத்தில் என்ன நடந்தது என்பது என் பிள்ளைகளுக்கும், கேள்வி கேட்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அடுத்த இதழில் அரைப் பக்கமாவது ஒதுக்கி 1971 போட்டியைப் பற்றி எழுதுங்கள். இணையப் பதிப்பில் உள்ள கட்டுரையின் பட்டியலிலும் 1970-க்குக் கீழே அந்த இறுதி ஆட்டத்தின் தேதி, அணிகள், கோல் கணக்கு, அவுகுஸ்டெசன் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். அன்றைய ஆட்டத்தின் புகைப்படம் ஒன்று கிடைத்தால் பெரிதாகப் போடுங்கள். எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கடலூர்