ஓமன் ட்ரிப்: தேதி மாத்தலாமா? எல்லாரும் படிங்க

மக்களே, அக்டோபர் முதல் வாரம்னு பேசினோம்ல, அத நவம்பர் நடுவுக்கு தள்ளிடலாம்னு சொல்றேன், ஏன்னா அக்டோபர்ல மஸ்கட்ல பகல்ல 35 டிகிரி சாதாரணமா அடிக்கும், கடலோரம் வேற, புழுக்கம் தாங்காது, நவம்பர்ல 30 பக்கம் இறங்கிடும். பெரியவங்க வர்றாங்க, ரிஸ்க் வேணாம்.

தெற்கு ஓமன்ல இருக்கற சலாலா இந்த தடவை வேணாம், அங்க பச்சை எல்லாம் ஜூன்-செப்டம்பர் சாரலோட சரி, மஸ்கட்லருந்து ஆயிரம் கிலோமீட்டர் வேற.

வாதி ஷாப்ங்கற பள்ளத்தாக்க மட்டும் விடவே கூடாது. படகுல அக்கரை போய், முக்கால் மணி நேரம் பாறைல நடந்து, அப்புறம் தண்ணில நீந்தி, தலை மட்டும் நுழையற இடுக்கு வழியா போனா குகைக்குள்ள அருவி! நீச்சல் தெரியாதவங்க முன்னாடி குளத்தோட நின்னுக்கங்க, ப்ளீஸ். க்ரிப் உள்ள ஷூ கட்டாயம். மழை வர்ற மாதிரி இருந்தா போகவே மாட்டோம், திடீர்னு வெள்ளம் வந்துடும்.

மஸ்கட்ல சுல்தான் காபூஸ் மசூதி வெள்ளிக்கிழமை முஸ்லிம் இல்லாத நமக்கு கிடையாது, மத்த நாள் காலைல 8-11 தான், லேடீஸ் முழுக்கை, தலைக்கு துப்பட்டா எடுத்துக்கங்க.

தேதி ஓகேவான்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, பாஸ்போர்ட் காப்பி எனக்கு தனியா அனுப்புங்க, குரூப்ல போடாதீங்க.