கட்டிவிடாத வார்

மச்சான்,

போன கிழமை என் கிராம்பனை, பனியில் ஏறச் சப்பாத்துக்கடியில் வாரால் கட்டும் அந்த இரும்பு முள்ளுகளை, விற்றுவிட்டேன். இனி மலை இல்லை. வாங்க வந்த பெடியன் ஹோலில் குந்தியிருந்து வாரை இழுத்துப் பார்த்தபோதுதான் கணக்கு வந்தது, நேபாளத்து ஐலண்ட் பீக் மலைக்கு நாங்கள் போய் இந்த ஒக்டோபரோடு ஐந்து வருடம்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். பாறை முடிந்து பனி தொடங்கும் அந்த இடம் மட்டும். இன்னும் விடியவில்லை. நீ கையுறையைக் கழற்றிவிட்டு வாரின் நுனியைக் கொளுக்கிக்குள் நுழைக்கிறாய், அது விலகிப் போகிறது, திரும்ப நுழைக்கிறாய், திரும்பவும் விலகுகிறது. நாலாவது தடவை சிரித்தாய். உயரத்தில் மூளையில் நீர் கோத்தால் நடை தள்ளாடும், விரல் சொன்னபடி கேட்காது என்று மலையடி ஊரான சுக்குங்கில் இரவிரவாகக் கதைத்தவர்கள் நாங்கள்தானே. "நீ போ மச்சான், நான் பின்னால வாறன்" என்றாய். ஷெர்பா உன் முகத்துக்கு லைட் அடித்துப் பார்த்துவிட்டு, இவரைக் கீழே கூட்டிப்போகிறேன் என்றார். நான் சரி என்றேன்.

நீ சொன்னதால்தான் போனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் நீ சொல்லும்போதே நான் கட்டி முடித்து எழும்பியாயிற்று. குனிந்து உன் வாரை மாட்ட ஒரு நிமிடம் போதும். குனிந்தால் உன் முகத்தைக் கிட்டப் பார்க்க வேண்டும், பார்த்தால் நானும் இறங்க வேண்டும். மன்னித்துக்கொள்.

ஆனால் முதல் நாள் தலையிடிக்குப் பனடோல் போட்டுவிட்டு, வழிகாட்டி கேட்டபோது ஒன்றுமில்லை என்றது யார்? சிவனொளிபாதமலையை ஒரே சீசனில் மூன்று தரம் ஏறினவனுக்கு இதெல்லாம் வராதாக்கும்! அது 2,243 மீட்டர்டா, சுக்குங் ஊரே அதைப்போல இரண்டு மடங்கு. இவ்வளவு காலமும் விட்டுவிட்டுப் போனவன் என்ற பெயர் எனக்கு மட்டும்.

காத்மண்டுக் கதை இங்கே வேண்டாம். எங்கள் குரூப் முழுக்க வாசிக்கும், உன் அம்மாவும் வாசிப்பார். அன்ரி, அவன் இப்போது சுகம்தானே, அவ்வளவுதான்.

நீ கேட்கவே இல்லை, நானாகச் சொல்கிறேன். 6,189 மீட்டர் ஏறியும் மேலே நின்றால் எவரெஸ்ட் தெரியாது. இடையில் இருக்கும் லோட்சே மலையின் தெற்குச் சுவர் அப்படியே மறைத்துக்கொண்டு நிற்கிறது. பத்து நிமிடம், ஒரு படம், இறங்கிவிட்டேன்.

உச்சியில் வைக்கச் சொல்லி நீ தந்த கதிரேசன் கோயில் விபூதி இன்னும் ஜாக்கெட் பையில்தான். மறந்துபோனேன். அந்த ஜாக்கெட்டை விற்கவில்லை. ஞாயிறு பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன்.