ஆகும்பே போகும் முன்

அன்புள்ள மலருக்கு,

‘மால்குடி டேஸ்’ டிவி தொடரை எடுத்த கர்நாடக ஊரான ஆகும்பேவுக்குப் போகிறாயாம். சித்தி சொல்லித்தான் தெரிந்தது. ஜூலையில், ஸ்கூட்டரில், தனியாக என்றாள். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

உடுப்பிப் பக்கமிருந்து சோமேஸ்வரம் வழியாக ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவு. மழையில் மண் சரியும், மரம் சாயும். மேகம் இறங்கிவிட்டால் எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். அந்த வழி வேண்டாம். ராத்திரி ரயிலில் சிமோகாவில் இறங்கி, தீர்த்தஹள்ளி வழியாகப் பஸ்ஸில் போ. அந்தப் பக்கம் மலைப்பாதை வளைவுகளே கிடையாது.

ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் அது. சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கிற இடத்துக்கு இப்போது போனால் மேகம்தான் தெரியும். நவம்பர், டிசம்பர் என்றால் வானம் திறந்திருக்கும். தள்ளிப் போட முடியுமா பார்.

முடியாது என்றால், பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நட. அட்டை ஒட்டினால் பிடித்து இழுக்காதே, உப்பும் போடாதே; இரண்டிலும் காயம் கெட்டுப்போகும். அதன் மெல்லிய முனைதான் வாய். நகத்தைத் தோலோடு ஒட்டிவைத்து அங்கே சரித்துத் தள்ளினால் பிடி விட்டுவிடும். விழுந்த பிறகும் ரத்தம் கசியும். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளை உள்ளே செலுத்தியிருக்கும், அவ்வளவுதான். பயப்படாமல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடி. ராஜநாகம் உள்ள காடு. இருட்டில் டார்ச் இல்லாமல் காலெடுத்து வைக்காதே.

தொடரில் வரும் சிறுவன் சுவாமியின் வீடாகக் காட்டியது அங்கே உள்ள ‘தொட்ட மனெ’. நடுமுற்றம் வைத்த பழைய வீடு. உள்ளே குடும்பம் வசிக்கிறது, அதனால் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போ. சமையலறை, பூஜையறையைப் படம் எடுக்காதே. அந்த வீட்டுத் தூண்களை டிவி பார்த்தே எண்ணிச் சொன்னவள் நீ. எல். வைத்தியநாதனின் இசை ஆரம்பித்ததும் எந்த அறையில் இருந்தாலும் ஓடி வருவாய். உன்னைப் போல அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் நம் வீட்டில் யாருமில்லை. அப்படிப்பட்டவள் அங்கே போவதை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ரயில் நிலையக் காட்சிகள் ஆகும்பேயில் எடுத்தவை இல்லை. அங்கே ரயிலே கிடையாது. அது சிமோகா–தாளகுப்பா பாதையில் உள்ள அரசாளு. பழைய நிலையக் கட்டடத்தை மால்குடி அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதே. நடுவில் தீர்த்தஹள்ளி, ரிப்பன்பேட்டை என்று வண்டி மாற வேண்டி வரும். அரசாளுவில் எல்லா ரயிலும் நிற்காது, முன்கூட்டிப் பார்த்துக்கொள்.

சிமோகாவிலேயே பணம் எடுத்து வைத்துக்கொள். ஆகும்பேயில் சிக்னல் சரியாக இருக்காது, பஸ் ஏறும்போதே அப்பாவைக் கூப்பிட்டுவிடு. இருட்டிய பிறகு சாலையில் இருக்காதே. உடுப்பி வழி வேண்டவே வேண்டாம்.

ஆபீஸில் எத்தனை நாள் லீவு சொல்லியிருக்கிறாய்? சித்திக்கும் தெரியவில்லை. திரும்பும் தேதியையாவது எழுது.

அம்மா