இரண்டு முறை விலை கொடுத்த பரிசு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில், இரண்டாம் எலிசபெத் அரசி அபூர்வமாகவே அணிந்த வைர ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) பற்றி வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். படங்களும் அருமை. ஆனால் அந்தக் கற்கள் அரச குடும்பத்துக்கு வந்த கதையைத் ‘தென்னாப்பிரிக்கா அன்போடு அளித்த பரிசு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது.

ப்ரூச்சில் பிரதானமாக இருப்பவை இரண்டே கற்கள். மேலே சதுரமாக 63.6 காரட், அதிலிருந்து துளி வடிவில் தொங்குவது 94.4 காரட். நம் கணக்கில் கல் மட்டுமே ஏறக்குறைய நாலு பவுன் எடை! இதைத்தான் ‘பாட்டியின் சில்லுகள்’ என்று செல்லமாகச் சொல்வார்களாம். 1905-ல், இன்றைய தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதியான டிரான்ஸ்வாலின் பிரிமியர் சுரங்கத்தில் கிடைத்த கலினன் வைரம்தான் இவற்றின் மூலக் கல்; அது 3,106 காரட். அதோடு பார்த்தால் சில்லுதான், மறுக்கவில்லை.

டிரான்ஸ்வால் அரசு 1907-ல் அந்த வைரத்தை 1,50,000 பவுண்டுக்கு வாங்கி, பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தது. டச்சு வம்சாவளி வெள்ளையர்கள் நடத்திய போயர் போரில் பிரிட்டனிடம் தோற்று ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. சட்டமன்றத்தில் ஆதரவு 42, எதிர்ப்பு 19. அந்தச் சபையைத் தேர்ந்தெடுத்தவர்கள் வெள்ளையர்கள். சுரங்கத்தில் பாடுபட்ட கறுப்பினத் தொழிலாளிகளுக்கு ஓட்டே கிடையாது. கல்லைக் கண்டெடுத்ததாகப் பெயர் பெற்ற மேற்பார்வையாளர் பிரெடரிக் வெல்ஸுக்கு 3,500 பவுண்டு வெகுமதி கிடைத்தது.

அடுத்ததுதான் முக்கியம். 1908-ல் ஆம்ஸ்டர்டாமின் ஆஷர் பட்டறையில் வைரத்தை வெட்டினார்கள். நம் நகைக்கடை பில்லில் செய்கூலி, சேதாரம் என்று வருமே, இங்கும் இரண்டும் உண்டு. சேதாரம் போகத் தேறியது மூன்றில் ஒரு பங்குதான். பெரிய கற்கள் இரண்டையும் மன்னர் வைத்துக்கொண்டார். மற்றவற்றைப் பட்டறை கூலியாக எடுத்துக்கொண்டது. இந்த ப்ரூச்சின் இரண்டு கற்களும் அப்படிக் கூலியில் போனவைதான். கூலியில் போனவற்றில் வேறொரு கல்லை எட்வர்டு தம் மனைவிக்காகக் காசு கொடுத்து வாங்கினார். மீதிப் பெரிய கற்களைத் தென்னாப்பிரிக்க அரசு திரும்பவும் விலைக்கு வாங்கி 1910-ல் எலிசபெத்தின் பாட்டி மேரி அரசிக்குக் கொடுத்தது. ஆக, தன் மண்ணில் கிடைத்த கல்லுக்கே அந்த நாட்டுக் கஜானா இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறது. விலைவாசி, ஏலம் என்று எவ்வளவோ எழுதும் உங்கள் பத்திரிகைக்கு இந்தக் கணக்கு எப்படித் தப்பியது?

எலிசபெத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1958-ல் ஆம்ஸ்டர்டாம் போனபோது இந்த ப்ரூச்சை அணிந்து அதே பட்டறைக்குச் சென்றவர், அதைக் கழற்றி, 84 வயதான லூயிஸ் ஆஷரின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முதியவர் நெகிழ்ந்துபோனாராம். எலிசபெத் 2012 வைரவிழா வழிபாட்டுக்கு அணிந்த உடையின் நிறத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கிய கட்டுரையாளர், இதற்கு இரண்டு வரி தந்திருக்கலாம்.

இன்னொன்று. 2023-ல் மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவில் அவர் மனைவி கமீலா அணிந்த கிரீடத்தில் கோகினூர் இல்லை என்று நம் ஊடகங்கள் பெரிதாகப் போட்டன. அதே கிரீடத்தில் இந்த ப்ரூச்சின் இரண்டு கற்களும் பதிக்கப்பட்டிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு எலிசபெத் மறைந்தபோதே, கலினன் கற்களைத் திருப்பித் தரச் சொல்லித் தென்னாப்பிரிக்காவில் குரல் எழுந்துவிட்டது. கோகினூருக்காக வரிந்துகட்டும் நாம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அங்கே கேட்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு கட்டுரை வெளியிடுங்களேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
திருச்சி.