கூலியைப் பேசாமல் கைவேலையைக் குறை சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இப்போதெல்லாம் யாருக்கும் வேலை தெரிவதில்லை என்று ராமநாதபுரம் வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். மெக்கானிக் தொட்ட மோட்டார் மறுநாளே நின்றுவிடுகிறது, குழாய் வேலைக்கு வந்தவர் சுவரைப் பெயர்த்துவிட்டுப் போகிறார், சான்றிதழில் பெயரைக்கூடப் பிழையில்லாமல் அடிக்கத் தெரியவில்லை என்றெல்லாம் வரிசையாகச் சொல்லி, பையன்கள் செல்போனே கதி என்று கிடப்பதுதான் காரணம் என்று முடித்திருந்தார். அவர் சொன்ன குறைகள் எல்லாம் உண்மை. காரணத்தைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் விசைப்படகு எஞ்சின் வேலை பார்த்துப் பிழைத்தவன் நான். எங்கள் கடற்கரையில் வேலையின் தரம் இறங்குவதற்கு முன்னாலேயே கூலி இறங்கிவிட்டது.

படகு எஞ்சினில் என்ன பெரிய வேலை, நட்டைக் கழற்றி மாட்டுவதுதானே என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகும் ஷாப்ட், படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறது. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க, கிளாண்ட் என்று சொல்லும் அடைப்பு மூடியில் பேக்கிங் கயிறு சுற்றி இறுக்குவோம். ஆனால் முழுக்க இறுக்கக் கூடாது. ஷாப்ட் சுற்றும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்க வேண்டும், அந்தக் கசிவுதான் அந்த இடத்தைச் சூடேறாமல் வைத்திருக்கிறது. வேலை பழகாத பையன், தண்ணீர் ஒழுகுகிறதே என்று பயந்து, ஒழுக்கு அடியோடு நிற்கும்வரை இறுக்கிவிடுவான். பார்க்கிற முதலாளிக்கும் அது சுத்தமான வேலையாகத் தெரியும். சில நாள் கடலுக்குப் போய் வருவதற்குள் பேக்கிங் கருகி, ஷாப்டில் பள்ளம் விழுந்துவிடும். அப்புறம் எத்தனை கயிறு சுற்றினாலும் தண்ணீர் நிற்காது. ஷாப்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டும் அப்படித்தான். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால், மூடிக்கு அடியில் இடைவெளியை அடைக்க வைக்கும் கேஸ்கட் சமமாக உட்காராது. கரையில் எஞ்சின் நன்றாகத்தான் ஓடும், நடுக்கடலில்தான் காலை வாரும்.

எங்கள் பக்கத்தில் நடுக்கடலில் எஞ்சின் நிற்பது சின்ன விஷயம் இல்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், எஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து இலங்கைப் பக்கமாகத் தள்ளும். இந்தியாவும் இலங்கையும் 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரிவதில்லை. தாண்டிவிட்டால், எஞ்சின் பழுது என்று சொன்னாலும் இலங்கைக் கடற்படை விட்டுவிடும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. படகு போய்விடும், ஆட்கள் சிறையில் இருப்பார்கள், வீட்டுப் பெண்கள் மனுவோடு அலைவார்கள். இத்தனைக்கும் தொடக்கம், நாள் கூலிக்கு வந்த ஒரு பையன் தவறாக முடுக்கிய போல்ட்டாக இருக்கலாம்.

அந்தப் பையனுக்கு என்ன கொடுக்கிறார்கள்? புதிதாகச் சேருபவனுக்கு எனக்குத் தெரிந்த பட்டறைகளில் நாளுக்கு 300, மிஞ்சினால் 400 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு மத்திய அரசு அறிவித்த கூலியே 336 ரூபாய். கொத்தனாருக்குக் கையாளாகப் போனால் பட்டறைக் கூலியைப்போல் இரண்டு மடங்கு வாங்கலாம், அதுவும் அன்று மாலையே கைக்கு வந்துவிடும். வீட்டில் தங்கை கல்யாணத்துக்கு இருக்கும்போது எவன் டீசலில் நட்டு போல்ட்டு கழுவிக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருப்பான்?

"உங்கள் காலத்தில் மட்டும் பழகுகிற பையனுக்கு அள்ளிக் கொடுத்தார்களா?" என்று கேட்பார்கள். இல்லைதான். செலவுக்காசு, சாப்பாடு, தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒரு துணி, அவ்வளவுதான். முதல் வருஷம் சாமான் கழுவுவதும் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும், அடுத்த வருஷம் ஃபில்டர் மாற்றுவது, அதற்குப் பிறகுதான் ஹெட்டைத் திறக்க விடுவார்கள். ஆனால் பையனின் கண் முன்னால் மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவர் சம்பாத்தியத்தில் வீடு கட்டியிருந்தார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், படகுக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் வந்து காத்திருந்தார்கள். பொறுத்துக் கற்றால் நாமும் அங்கே போய்ச் சேரலாம் என்று பையனுக்குத் தெரிந்தது. இன்றைக்கு முழு வேலை தெரிந்த மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் நடுவில் அந்தத் தூரமே இல்லை. பையன்கள் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொல்வது பெரிய அநியாயம்.

பட்டறைக்காரர்மீது மட்டும் பழி போடவும் எனக்கு மனம் வரவில்லை. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில்தான் எல்லாப் படகும் கரையேறும். எஞ்சின் இறக்குவது, மரப்படகின் பலகை இடுக்குகளை அடைக்கக் கலப்பத்து அடிப்பது, பெயின்ட் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். கைக்கு அகப்பட்ட பையனையெல்லாம் கூப்பிட்டு வேலை வாங்குவார்கள். ஜூன் 15 அன்று படகு கடலுக்குப் போனதும் அந்தப் பையனுக்கு வேலை கிடையாது. அடுத்த தடைக்காலத்தில் வேறு ஒரு பையன் வருவான், அவனும் இரண்டு மாதத்தோடு போய்விடுவான். எவனும் முழுசாகக் கற்பதில்லை. டீசல் விலையிலும் வலை விலையிலும் நொந்துபோயிருக்கும் படகுக்காரரும், யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களிடமே வேலையைக் கொடுக்கிறார்.

நன்றாகக் கற்றவர்கள் எங்கே என்றால், வளைகுடாவில் இருக்கிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கம் போய்க் கேளுங்கள். ஏசி மெக்கானிக், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று தெருவுக்குத் தெரு ஆள் வெளிநாட்டில். அவர்களில் பலர் டிரேடு டெஸ்ட் வைத்துத் தேர்வு செய்யப்பட்டுத்தான் விமானம் ஏறினார்கள். சோதித்துப் பார்த்து எடுக்கிறவன் கூலியும் கொடுக்கிறான். இங்கே யாரும் சோதிப்பதும் இல்லை, கூலியும் இல்லை. போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் இந்தக் கடற்கரையில் பாதி வீடுகள் நிற்கின்றன.

பட்டறைக்கு வெளியேயும் இதே கதைதான். அரசுப் பள்ளிகளுக்கு 2012ல் எடுத்த பகுதிநேர ஆசிரியர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், அரசு மருத்துவமனைகளுக்கு 2015ல் தொகுப்பூதியத்தில் எடுத்த செவிலியர்களுக்கு 7,700 ரூபாய் என்றுதான் ஆரம்பித்தார்கள். போராடிப் போராடித்தான் பிறகு கொஞ்சம் உயர்ந்தது. ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் சொன்ன பிறகும் தொகுப்பூதியம் ஒழிந்தபாடில்லை. சான்றிதழில் பெயர் தப்பாக அடிக்கிற பிள்ளையைப் பற்றி அந்த வாசகர் எழுதியிருந்தார். ஓர் எழுத்து மாறினால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல்தான், அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஒரு விண்ணப்பத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்குகிற பிள்ளை, சரிபார்க்க நேரம் எடுத்தால் அன்றைய கூலி குறையும்.

பாம்பனின் பழைய ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914ல் திறந்தது, 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. அந்த உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்பது இங்கே தகரக் கதவு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கப்பல் வரும்போது நடுப்பகுதியை ஆட்கள் கையாலேயே இயக்கித் திறப்பார்கள். துரு சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, தேய்ந்ததை மாற்றுவது என்று ஓயாமல் வேலை நடந்தது. ரயில்வேயில் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம் என்று இருந்ததால்தான் மூத்தவரிடமிருந்து இளையவர் கற்றுக்கொள்ள அங்கே காலம் இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

செய்ய முடிகிற காரியங்களும் இருக்கின்றன. 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தில், பட்டறையில் வேலை பழகும் பழகுநருக்கு உதவித்தொகை உண்டு, அதில் ஒரு பகுதியை மத்திய அரசே தருகிறது. ஆனால் நான்கு பேராவது வேலை செய்யும் இடமாக இருந்தால்தான் பழகுநரைச் சேர்க்க முடியும். எங்கள் பட்டறைகளில் மேஸ்திரியையும் சேர்த்து இரண்டு மூன்று பேர்தான். மீன்பிடிக் கப்பல் எஞ்சின் வேலை கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனம் கொச்சி, சென்னை, விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. மண்டபத்துப் பையன் சென்னையில் தங்கிப் படிக்க எந்த வீட்டில் பணம் இருக்கிறது?

ஆகவே மீன்வளத் துறைக்கும் விசைப்படகு உரிமையாளர் சங்கங்களுக்கும் உங்கள் மூலமாக என் கோரிக்கை இது. ஒரு துறைமுகத்தின் சிறு பட்டறைகளை எல்லாம் சேர்த்து ஒரே இடமாகக் கணக்கில் எடுத்து, பழகுநர் சேர்க்க வழி செய்யுங்கள். தடைக்காலத்தின் 61 நாளும் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் பழைய மேஸ்திரிகளைக் கொண்டு பயிற்சி நடத்துங்கள். சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளமும், பழகுகிற பையனுக்குக் கொத்தனார் கையாளுக்குக் குறையாத நாள் கூலியும் கொடுங்கள். சொல்லிக்கொடுக்க என்னைப்போல் பலர் ஊரில் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். சங்கங்கள் எஞ்சின் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியைத் தாங்களே கூடிப் பேசி முடிவு செய்யலாம், அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

அறிவிப்பு மார்ச் மாதத்துக்குள் வர வேண்டும். ஏப்ரல் பிறந்துவிட்டால், வேலைக்கு ஆகிற பையன்கள் கேரளப் படகுகளுக்குப் பேச்சு முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படகு எஞ்சின் மெக்கானிக்,
தங்கச்சிமடம்.