உன் ஆவணி மிருகசீரிஷம்

அன்புப் பாப்பாவுக்கு,

ஆங்கிலத் தேதிப் பிறந்தநாளுக்குச் சிநேகிதிகளோடு கேக் வெட்டு, நல்லாச் சாப்பிடு. நட்சத்திரப் பிறந்தநாளை இனி நீயே பார்த்து வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

சந்திரன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் ஏறக்குறைய 8 மணி நேரமும் ஆகிறது. 27 நட்சத்திரம் என்பதால் ஒன்றுக்குச் சுமார் ஒரு நாள். சில மாதம் 22 மணி நேரத்துக்குள்ளேயே கடந்துவிடும், சில மாதம் 27 வரை இழுக்கும். உனக்கு ஆவணி மாத மிருகசீரிஷம். ஆவணிக்கு 31 நாள். மாதம் பிறந்த முதல் மூன்று நாளுக்குள் மிருகசீரிஷம் வந்துவிட்டால் மாதக் கடைசியில் இன்னொரு தடவையும் வரும். அப்போது நம் வீட்டில் பின்னதைத்தான் எடுப்போம்.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். சூரிய உதயத்தின்போது எந்த நட்சத்திரம் நடக்கிறதோ அதுதான் அந்த நாளின் நட்சத்திரம். உதயம் என்றால் நீ இருக்கிற ஊரின், அதாவது லண்டனின், உதயம். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் மணியோ இந்திய நேரம். இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கும் தினசரி காலண்டரும் பெரும்பாலும் அப்படித்தான், அதனால் எந்த ஊருக்குக் கணித்தது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆவணியில் லண்டன் கடிகாரம் இந்தியாவைவிட 4½ மணி நேரம் பின்னால் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு 5½.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மிருகசீரிஷம் செவ்வாய் காலை 8.00க்குத் தொடங்கி புதன் காலை 9.00 வரை என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று வை. சிங்கப்பூரில் ஏழு மணிவாக்கில் விடியும், அது இந்திய நேரம் 4.30. செவ்வாய் விடியும்போது ரோகிணிதான் நடக்கிறது, ஆக எங்களுக்குப் பிறந்தநாள் புதன். உனக்கு ஆகஸ்ட் கடைசியில் 6.10 போல விடியும், அது இந்திய நேரம் 10.40. செவ்வாய் விடியும்போதே மிருகசீரிஷம் வந்துவிட்டது, புதன் விடிவதற்குள் போயும்விட்டது. ஆக உனக்குச் செவ்வாய். காலண்டரை அப்படியே பார்த்துப் புதனன்று விளக்கேற்றினால் திருவாதிரையில் ஏற்றியிருப்பாய். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் தவறுவது இந்த இடத்தில்தான்.

பிறந்த நட்சத்திரம் எந்த ஊர் போனாலும் மாறாது, கொண்டாடுகிற நாள்தான் மாறும். இதை எழுதும்போதே அப்பாவுடையதையும் குறித்துக்கொள். அவர் 1966 கார்த்திகை, பராபவ வருஷம். அறுபது வருஷச் சுற்று முடிந்து 2026 ஏப்ரல் 14இல் அதே பராபவம் மறுபடி தொடங்குகிறது. அந்தக் கார்த்திகையில் அவர் நட்சத்திரத்தன்றுதான் அறுபதாம் கல்யாணம். நீ கைப்பேசியில் ஜாதகம் கணிக்கும்போது ஒன்று பார்க்க வேண்டும். 1982 ஜனவரி 1க்கு முன்னால் சிங்கப்பூர்க் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 7½ மணி நேரம்தான் முன்னால் இருந்தது. அன்றைக்குத்தான் அரை மணி தள்ளி வைத்து 8 ஆக்கினார்கள். செயலி 8 என்றே எடுத்துக்கொண்டால் லக்னம் ஏழரை பாகை தவறிப்போகும். நட்சத்திரம் அநேகமாக மாறாது. ஆனால் ஒரு பாதம் என்பது நட்சத்திரத்தில் கால் பங்கு, சுமார் ஆறு மணி நேரம்தான், விளிம்பில் பிறந்தவர்களுக்குப் பாதம் மாறிவிடும். உன்னுடையது மூன்றாம் பாதம். மிருகசீரிஷத்தில் முதல் இரண்டு பாதம் ரிஷபம், பின்னிரண்டும் மிதுனம். அங்கே கோயிலில் அர்ச்சனை கொடுத்தால் பெயரும் நட்சத்திரமும் சொல்லி, மிதுன ராசி என்பதையும் சேர்த்துச் சொல்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் முடி வெட்டுவதும் நட்சத்திரப் பிறந்தநாளன்று வேண்டாம், முந்தின நாளே முடித்துக்கொள்.

பாயசம் கட்டாயம் வை. நாலு பேருக்கு: பாசிப்பருப்பு 100 கிராம், வெல்லம் 150, ஜவ்வரிசி 25, கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி, ஏலக்காய் 4, நெய் ஒரு மேசைக்கரண்டி, முந்திரி பத்து. பருப்பை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துக் கழுவி, 400 மில்லி தண்ணீரில் வாசத்துக்கு ஒரு பாண்டான் இலையை (ரம்பை இலை) முடிச்சுப் போட்டு வேகவிடு. விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். அதற்கு முன்னால் வெல்லம் போட்டாயோ, பருப்பு அதோடு நின்றுவிடும், எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்று, அடியில் மண் நிற்பதை நீயே பார்ப்பாய். குலா மலாக்கா என்கிற தென்னங்கருப்பட்டி கிடைத்தால் பாதிக்குப் பாதி போடு. ஜவ்வரிசியை அரை மணி ஊறவைத்து, நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும்வரை தனியே வேகவைத்துச் சேர். எல்லாம் ஐந்து நிமிஷம் கொதித்த பிறகு அடுப்பைச் சின்னதாக்கித் தேங்காய்ப்பாலை ஊற்று. ஓரத்தில் குமிழ் கட்டும்போதே அணைத்துவிடு, தளதளவென்று கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். இலையை எடுத்துவிட்டு, ஏலக்காயைத் தட்டிப் போட்டு, நெய்யில் வறுத்த முந்திரியைக் கொட்டு. ஆறினால் இறுகும், வெந்நீர் விட்டுக் கலக்கலாம்.

பழைய பிறந்தநாள் படங்கள் கேட்டாய். ஒட்டுகிற பக்கம் வைத்த ஆல்பத்தில் இருந்ததெல்லாம் இந்த ஊர் ஈரத்துக்குப் பசை மஞ்சளாகிப் பிடித்துக்கொண்டுவிட்டது. பிய்க்கவே கூடாது. பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூலைப் படத்துக்கு அடியில் நுழைத்து, ரம்பம்போல் மெல்ல இழுத்தால் வந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிப்போனதைக் கண்ணாடியோடே ஸ்கேன் செய்ய வேண்டும். அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் செய்து அனுப்புகிறேன், பெரிதாக்கினாலும் உடையாது. கோப்புக்கு வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் பெயர் வைத்தால் தானாக அடுக்கிக்கொள்ளும். படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் தேதியை நம்பாதே, பேட்டரி மாற்றிவிட்டுக் கேமராவில் தேதி வைக்காமல் விட்டால் என்னத்தையாவது அச்சடித்திருக்கும். கேக்கில் மெழுகுவத்தியை எண்ணு. சுவரில் தினசரி காலண்டர் தெரிந்தால் பெரிதாக்கிப் பார், அதைவிடச் சாட்சி இல்லை. படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் எழுது, பேனா முன்பக்கம் தடம் விழும், மை அடுத்த படத்தில் ஒட்டும்.

உன் நட்சத்திரத்தன்று கிழித்த காலண்டர் தாள்களைப் பழைய நோட்டில் ஒட்டி வந்திருக்கிறேன். தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம் முடியும் மணி எல்லாம் அதிலேயே இருக்கிறது. நோட்டையும் அனுப்புகிறேன், இந்த வருஷத்திலிருந்து பக்கம் உன்னுடையது. லண்டன் நேரத்தையும் பக்கத்தில் எழுதி வை.

மேலே சொன்ன கணக்கே அமைந்தால், செவ்வாய்க்கிழமை உனக்கு விடியும்போது இங்கே மதியம் 1.10, கோயில் நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் 6.30க்கு வீரமாகாளியம்மன் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனைச் சீட்டு எடுக்கிறேன். அப்போது உனக்குக் காலை 11.30. பாயசம் அடுப்பில் இருந்தாலும் பரவாயில்லை, போனை எடு.

அம்மா